மைனஸ் இரண்டேகால் ஏன் −1.75 ஆகாது

கேட்டவர் கடலூர் முதுநகரில் இருக்கும் ஓர் அப்பா. மகள் எட்டாம் வகுப்பு, விகிதமுறு எண்கள் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. −2¼ என்பதைத் தசமமாக மாற்றச் சொன்னதற்கு −1.75 என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். "மைனஸ் இரண்டோடு காலைச் சேர்த்தால் −1.75 தானே வருகிறது? அவள் போட்டதில் என்ன தப்பு?" என்பது அவருடைய முதல் கேள்வி. −5/6 மாதிரி கணக்குகளில் வகுத்துக்கொண்டே போனாலும் முடியவில்லையே, எங்கே நிறுத்துவது என்பது அடுத்தது. கால்குலேட்டரைத் தொடாமல் சட்டென்று போட வழி இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்.

உங்கள் மகள் கூட்டியது சரிதான். −2 உடன் ¼ கூட்டினால் −1.75. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவளுக்குக் கொடுத்த கணக்கு அந்தக் கூட்டல் இல்லை. 2¼ என்பது 2 + ¼ என்பதன் சுருக்கம். அந்த முழு எண்ணுக்கு முன்னால் மைனஸ் போட்டிருக்கிறார்கள். விரித்து எழுதினால் −(2 + ¼). அடைப்பைப் பிரித்தால் −2 − ¼, அதாவது −2.25. மைனஸ் இரண்டுக்கு மட்டும் சொந்தமில்லை, காலுக்கும் சேர்த்துத்தான். கலப்புப் பின்னத்தை எழுதும்போது யாரும் அடைப்புக்குறி போடுவதில்லை. பெரியவர்களுக்கு அது பழகிவிட்டது, பிள்ளைகள் அங்கேதான் இடறுகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். வீடு கட்டப் போகிறவர் முதலில் விசாரிப்பது மனை ரோட்டுக்கு மேலே இருக்கிறதா, பள்ளமா என்பதைத்தான். 2015 மழையையும், 2024 ஃபெஞ்சல் புயலையும், அதையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்த பிறகு இதைக் கேட்காமல் கடலூரில் யாரும் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. செம்மண்டலம் பக்கம் ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். ரோட்டு மட்டம் பூஜ்யம். கொத்தனார் டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்துவிட்டு, "ரெண்டேகால் அடி பள்ளம் சார்" என்கிறார். மனையின் மட்டம் −2¼ அடி. ரோட்டிலிருந்து இரண்டடி இறங்கி, அதற்கும் கீழே இன்னொரு காலடி இறங்கினால்தான் மனையில் கால் படும். −1.75 என்று எழுதினால் இரண்டடி இறங்கிக் காலடி மேலே ஏறிவிட்டதாகப் பொருள். அந்த அரையடி வித்தியாசம் சின்னது போலத் தெரியும். முப்பதுக்கு நாற்பது மனை 1200 சதுர அடி. ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவர 1200 × 2.25 = 2700 கன அடி மண் அடிக்க வேண்டும். 1.75 போட்டுப் பெருக்கினால் 2100 தான் வரும். 600 கன அடி குறைகிறது. நம் பக்கம் 100 கன அடி ஒரு யூனிட். ஆக, ஆறு யூனிட் மண் கணக்கில் இல்லாமல் போய்விட்டது. (கொட்டிய மண் அமுங்குவது தனிக் கதை, அதற்கும் சேர்த்து எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடிப்பார்கள்.)

மகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. எண்கோட்டில் −2¼ எந்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் வரும்? பூஜ்யத்திலிருந்து இடது பக்கம் போகிறோம், இரண்டைத் தாண்டியாயிற்று, இன்னும் மூன்றை எட்டவில்லை. அப்படியானால் விடை −2 க்கும் −3 க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். −1.75 அங்கே இல்லை. விடை எழுதிய பிறகு இதை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும், இந்தத் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு விஷயமும் டேப் பிடிக்கும் இடத்திலேயே இருக்கிறது. இரண்டேகால் அடியை டேப்பில் படித்தால் 2 அடி 3 அங்குலம். இதை 2.3 என்று துண்டுச்சீட்டில் குறிப்பவர்கள் ஏராளம். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் 3 அங்குலம் என்பது 3/12, அதாவது ¼, அதாவது 0.25. 2.3 எழுதினால் சீட்டில் குறிப்பாக இருக்கும் வரை தொல்லையில்லை. கால்குலேட்டரில் தட்டும்போதுதான் தப்பாகும். 2 அடி 10 அங்குலத்தை 2.10 என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம். கால்குலேட்டருக்கு அது 2.1, 2.3 ஐ விடச் சின்னது. உண்மையில் அது 2 + 10/12, சுருக்கினால் 2 + 5/6, தசமத்தில் 2.8333... என்று போகும். பள்ளத்துக்கு −2.8333...

சரி, முறைக்கு வருவோம். நான் டியூஷனில் சொல்வது ஒன்றுதான்: மைனஸை முதலில் ஓரமாக எடுத்து வை, வெறும் பின்னத்தை வகு, கடைசியில் மைனஸைத் திருப்பிப் போடு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்த் திரும்பும்போது போட்டுக்கொள்வது மாதிரி. எடுத்து வைப்பதற்கு முன் எத்தனை மைனஸ் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். −3/4, 3/(−4), −(3/4) மூன்றும் ஒன்றே. தொகுதியில் இருந்தாலும், பகுதியில் இருந்தாலும், மொத்தத்துக்கு முன்னால் இருந்தாலும் ஒரே ஒரு மைனஸ், விடை −0.75. மேலேயும் கீழேயும் ஆக இரண்டு இருந்தால், (−3)/(−4), விடை 0.75, மைனஸே கிடையாது. கலப்புப் பின்னமாக இருந்தால் தகா பின்னமாக்கிவிடுவது நல்லது: 2¼ என்பது 9/4, ஒன்பதை நாலால் வகுத்தால் 2.25, மைனஸ் போட்டால் முடிந்தது. முழு எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் பின்னத்தை மட்டும் வகுத்துப் புள்ளிக்குப் பின்னால் ஒட்டினாலும் சரிதான், மைனஸ் ஓரத்தில் இருக்கும் வரை.

ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஓரத்தில் வைக்கச் சொல்கிறேன் என்றால், மைனஸை உள்ளே வைத்துக்கொண்டு வகுக்கத் தொடங்கினால் மீதி குழப்பிவிடும். −7/3 ஐ எடுங்கள். "மூன்றின் மடங்கில் −7 க்குக் கீழே ஒட்டி எது? −9. ஈவு −3, மீதி 2" என்று ஒரு பிள்ளை தொடங்குகிறது. அதில் பிழையில்லை, 3 × (−3) + 2 = −7 தான். அப்புறம் மீதி 2 ஐ வழக்கம்போல வகுத்து 0.666... என்று கண்டு, −3.666... என்று எழுதிவிடுகிறது. உண்மை விடை −2.333... அந்தப் பிள்ளை கண்டுபிடித்தது −3 + 0.666..., எழுதியதோ −3 − 0.666... உங்கள் மகள் விழுந்த குழியும் இதே குழிதான், நடந்து வந்த பாதைதான் வேறு.

இங்கே ஒரு வேடிக்கை. முழு எண் மட்டும் மைனஸாக இருந்து, புள்ளிக்குப் பின்னால் வருவது பிளஸாக இருக்கும் ஓர் இடம் உண்மையிலேயே உண்டு: மடக்கை (லாக்) அட்டவணை. பிளஸ் டூ வேதியியலில் பிஎச் கணக்கு போட்டவர்களுக்கு "பார் டூ பாயின்ட்" என்று வாசித்தது நினைவிருக்கும். 2 இன் மடக்கை 0.3010. 20 க்கு 1.3010. 0.02 க்கு −2 + 0.3010. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 3010 எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தால்தான் ஒரே அட்டவணை போதும். அதனால் அதைப் பிளஸாகவே காப்பாற்றி வைத்து, மைனஸை இரண்டின் தலைமேல் கோடாகப் போட்டார்கள்: 2̄.3010. கோடு தலைமேல் இருப்பதால் அது இரண்டுக்கு மட்டும் என்று பொருள். இதைச் சாதாரணத் தசமமாக்கினால் −1.6990. பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனி அளவின் மடக்கையைக் குறி மாற்றி எழுதுவது. லிட்டருக்கு 0.02 மோல் ஹைட்ரஜன் அயனி இருக்கும் கரைசலின் பிஎச் 1.699, கோட்டை மொத்தத்துக்குமான மைனஸாக நினைத்து 2.301 என்று எழுதினால் மார்க் போகும். ஆக, உங்கள் மகள் நினைத்தபடி எழுதுவதானால் அது 2̄.25 என்று இருந்திருக்க வேண்டும். அதன் மதிப்பு −1.75 தான். அவள் மனசில் போட்ட கணக்குக்கும் ஒரு குறியீடு இருக்கிறது, பாடப்புத்தகத்தில் கொடுத்த குறியீடு அது இல்லை, அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்லுங்கள், நிச்சயம் சந்தோஷப்படுவாள்.

இப்போது முடியாமல் ஓடும் தசமங்கள். −5/6 ஐ வகுத்துப் பார்ப்போம், மைனஸ் வாசலில் இருக்கட்டும். ஐந்தில் ஆறு போகாது. 0 போட்டுப் புள்ளி வைத்து ஐந்தை ஐம்பதாக்குகிறோம். எட்டாறு நாற்பத்தெட்டு, மீதி 2. அதை இருபதாக்கினால் மூவாறு பதினெட்டு, மீதி மறுபடியும் 2. இங்கே நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். மீதி முன்பு வந்த அதே 2. அடுத்தும் இருபது, அடுத்தும் 3, எத்தனை முறை செய்தாலும் இதுவேதான். விடை −0.8333..., மூன்றின் மேல் ஒரு கோடு போட்டு எழுத வேண்டும். எங்கே நிறுத்துவது என்றால், எந்த மீதி திரும்ப வருகிறதோ அங்கே. ஆறால் வகுக்கும்போது முடிவில்லாமல் போனால் மீதியாக 1 முதல் 5 வரைதான் வர முடியும். ஐந்து பேர்தானே, சுற்றிச் சுற்றி அவர்களில் ஒருவர் மறுபடி வந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் எந்தப் பின்னமும் ஒன்று முடியும், அல்லது சுழலும். ஏழால் வகுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் கண் விரியும். 1/7 இல் மீதிகள் 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறும் ஒன்றுவிடாமல் வந்துவிட்டுத்தான் திரும்பும். −1/7 என்பது −0.142857142857... ஆறு இலக்கச் சுழல். −2/7 க்கும் அதே இலக்கங்கள்தான், வேறிடத்தில் தொடங்கும்: −0.285714...

பரீட்சையில் ஒன்றும் சொல்லாவிட்டால் சுழல் கோடு போட்டு எழுதுங்கள், அதுதான் துல்லியமான விடை. இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாக என்று கேட்டால் −0.83. −2/3 ஐக் கேட்டால் −0.67. இலக்கங்களை மட்டும் பார்த்து முழுதாக்கிவிட்டுப் பிறகு மைனஸ் போட வேண்டும். "மைனஸில் பெரிசாக்குவது என்றால் −0.66 தானே, அதுதானே பெரிய எண்?" என்று புத்திசாலிப் பிள்ளைகள் கேட்பார்கள். −0.6666... க்கு எது பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. −0.67 தான் பக்கம். சரியாக நடுவில் நிற்கும்போது மட்டும், −0.125 மாதிரி, ஏதாவது ஒரு வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும்; பள்ளிக்கூட வழக்கப்படி −0.13. எக்செல்லின் முழுதாக்கும் சூத்திரமும் அதையே செய்கிறது.

எந்தப் பின்னம் முடியும், எது முடியாது என்று வகுக்காமலே சொல்லலாம். முதலில் சுருக்குங்கள். சுருக்கிய பிறகு பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் முடியும். 3, 7, 11 என்று எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் முடியாது. சுருக்காமல் பார்த்தால் ஏமாற்றம்தான்: −21/28 இல் ஏழு இருக்கிறது, சுருக்கினால் −3/4. எத்தனை தசம இடம் வரும் என்பதும் அங்கேயே தெரியும். 40 என்பது 2 × 2 × 2 × 5, மூன்று இரண்டும் ஓர் ஐந்தும். இவற்றில் எது அதிக முறை வருகிறதோ அத்தனை இடம், அதாவது மூன்று.

இதிலேயே உங்கள் மூன்றாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. பகுதியை 10, 100, 1000 என்று ஆக்கிவிட்டால் வகுத்தலே வேண்டாம். −7/40 இல் மேலும் கீழும் 25 ஆல் பெருக்கினால் −175/1000, ஆக −0.175. −13/25 ஐ நாலால் பெருக்கினால் −52/100. −11/8 க்கு 125. −1375/1000, ஆக −1.375. அரை, கால், அரைக்கால் மூன்றின் தசமம் மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது: 0.5, 0.25, 0.125.

அரைக்கால் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நம் எண்சுவடியின் கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பழைய பின்ன வரிசையை, எடுத்துப் பாருங்கள். மாகாணி 1/16, மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, முந்திரி 1/320. இந்தப் பகுதிகள் எல்லாமே இரண்டும் ஐந்தும் மட்டும் பெருகி வந்தவை. 320 என்பது ஆறு இரண்டும் ஓர் ஐந்தும். அதனால் இந்த வரிசையில் எதைத் தசமமாக்கினாலும் முடிந்துவிடும்: மாகாணி 0.0625, மா 0.05, அரைமா 0.025, காணி 0.0125, முந்திரி ஆறு இடம் போய் 0.003125. மூன்றில் ஒன்றும் ஏழில் ஒன்றும் இந்த வரிசையில் கிடையாது. பாதியாகவும் ஐந்தாகவும் பிரித்துப் பழகிய கணக்கு அது. மா, காணி இரண்டையும் மகளிடம் கொடுத்து, மைனஸ் போட்டு மாற்றச் சொல்லிப் பாருங்கள். பாடப்புத்தகக் கணக்கைவிட ஆர்வமாகப் போடுவாள் என்பது என் அனுபவம்.

ஒப்பிடும்போது மட்டும் மைனஸ் வாசலில் இருக்கக் கூடாது, உள்ளே வர வேண்டும். −¾ பெரியதா, −5/6 பெரியதா? தசமமாக்கினால் −0.75, −0.8333... வெறும் எண்ணில் 0.8333 பெரியது என்பதால் மைனஸில் அது சிறியது. மனைக் கணக்கில் பார்த்தால், முக்காலடிப் பள்ளத்தில் இருக்கும் மனை பத்தங்குலப் பள்ளத்தில் இருப்பதைவிட மேலே இருக்கிறது. ஏறுவரிசையில் எழுதச் சொன்னால் ஆழமான பள்ளம் முதலில்.

கணினி பக்கமும் ஒரு வார்த்தை. எக்செல்லில் 3/4 என்று சும்மா தட்டினால் அது தேதியாக மாறிவிடும். முன்னால் சமக்குறி போட வேண்டும். =−2+1/4 என்று தட்டினால் −1.75 வரும், உங்கள் மகளுடைய விடை; =−(2+1/4) என்று அடைப்புக்குறியோடு தட்டினால்தான் −2.25. இன்னொரு பொறி, முழு எண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் 'இன்ட்' சூத்திரம். அது எப்போதும் கீழ்நோக்கி இறங்கும், −2.25 க்கு −3 தரும். மட்டங்களை அடி, அங்குலமாகப் பிரிக்க அதைப் பயன்படுத்தினால் −3 அடி போக மிச்சம் 0.75, அதாவது 9 அங்குலம் என்று வந்து, தாளில் "−3 அடி 9 அங்குலம்" என்று அச்சாகும். இரண்டேகால் அடிப் பள்ளம் மூன்றேமுக்கால் ஆகிவிட்டது! 'டிரங்க்' சூத்திரம் போட்டால் −2 கிடைக்கும், மிச்சம் 3 அங்குலம். மொழிக்கு மொழி இது மாறும்: பைத்தானில் −9 ஐ நாலால் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் −3, சி மொழியில் முழு எண்களாக வகுத்தால் −2.

திரும்பிப் போகும் வழி சுருக்கமாக. −2.25 என்பது −225/100, சுருக்கினால் −9/4. சுழல் தசமம் என்றால் கொஞ்சம் வேலை: 0.8333... ஐக் க என்று வைத்துக்கொண்டால் 10க = 8.333..., 100க = 83.333... கழித்தால் வால் அறுந்து 90க = 75, ஆக க = 5/6. மைனஸைப் போட்டுவிடுங்கள்.

மகளிடம் இந்த நான்கையும் கொடுங்கள்: −3⅜, 5/(−12), −14/35, (−7)/(−16). விடைகள் −3.375, −0.41666..., −0.4, 0.4375. முதலாவதற்கு −2.625 என்று எழுதினால் பழைய சிக்கல் இன்னும் போகவில்லை, எண்கோட்டைக் காட்டுங்கள். மூன்றாவதைப் பார்த்து "35 இல் ஏழு இருக்கிறது, முடியாது" என்றால் சுருக்க மறந்திருக்கிறாள். நாலாவதில் மைனஸ் வந்தால், எடுத்து வைப்பதற்கு முன் எண்ணவில்லை.